பூ ஊரில் காகிதப் பூ: ஏழு பூ சவாலுக்கு ரெடியா?

தோவாளையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் பூச்சந்தை அது. பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக இறங்கும். ஓசூர்ப் பக்கமிருந்து ரோஜா வரும். ஓணம் நெருங்கினால் வாடாமல்லி, கேந்தி, கோழிக்கொண்டை எல்லாம் கேரளத்துக்கு வண்டி ஏறும்.

இப்படிப் பூ முகத்திலேயே விழிக்கிற ஊரில் போய், ‘காகிதத்தில் பூ செய்யலாம் வாங்க’ என்று கூப்பிட்டால் என்ன சொல்வார்கள்? “ஏன் மக்கா, இங்க பூவுக்கா பஞ்சம்?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் தோவாளையிலேயே இருக்கிறது.

மாணிக்கமாலை பார்த்திருக்கிறீர்களா? நாம் வழக்கமாகப் பார்க்கிற உருண்டை மாலை இல்லை அது. அரளிப் பூக்களை ஒவ்வொன்றாக மடித்து, நொச்சி இலையைப் பச்சைக்குச் சேர்த்து, நாரில் கோத்து, பாய் முடைந்ததுபோலத் தட்டையாகக் கொண்டுவருவார்கள். வெள்ளையும் சிவப்பும் பச்சையும் கட்டம் கட்டமாக விழும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பூ மாதிரியே தெரியாது. கல் பதித்த நகை மாதிரி இருக்கும். மாணிக்கம் பதித்ததுபோல இருக்கிறதே என்று திருவிதாங்கூர் மன்னர் வியந்ததால்தான் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கும்பகோணம் வெற்றிலையோடு சேர்த்து.

குறியீடு கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால், ஒரு வித்தைக்குச் சான்றிதழ் கொடுப்பது வேறு, அது அடுத்த கைக்குப் போவது வேறு. மாணிக்கமாலையின் உயிர் மடிப்பில் இருக்கிறது. மடிப்பு ஒரு நாளில் வராது. நூறு தடவை தப்பாக மடித்தால்தான் நூற்றோராவது தடவை சரியாக வரும். அந்த நூறு தப்பையும் காசு கொடுத்து வாங்கிய பூவில் செய்தால் கட்டுப்படியாகுமா? காலையில் வாங்கிய பூ சாயங்காலம் வாடிவிடும். நேற்று எங்கே தப்பினோம் என்று எடுத்துப் பார்க்கவும் முடியாது. தவிர, அரளிச் செடி வேரிலிருந்து பூ வரை விஷம். எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற சின்னப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து ‘மடிச்சுப் பழகு’ என்று சொல்ல முடியாது.

காகிதம் வாடாது. விஷமில்லை. ஒரு தாளில் எத்தனையோ தப்பு பண்ணலாம். பூக்காரர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் காகிதப் பூ வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மடிப்பு நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. இந்த மாவட்டத்தில் பனையும் தென்னையும் நிற்காத பக்கம் உண்டா? ஓலையில் காற்றாடி, பந்து, பாம்பு என்று மடித்து விளையாடிய கைகள் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டு ஆச்சியிடம் ஒரு ஓலைக் கீற்றைக் கொடுத்துப் பாருங்கள். மறந்துவிட்டது என்பார்கள். விரல் மறந்திருக்காது.

வயதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி டிலேனியின் கதையைச் சொல்லுங்கள். 1700-ல் பிறந்தவர். கணவரை இழந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டிய நிலையில்தான் காகிதத்தில் பூ செய்ய ஆரம்பித்தார். செடியைக் கண் எதிரே வைத்துக்கொண்டு, வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கறுப்புத் தாளின் மேல் ஒட்டுவார். இதழின் நிழலுக்கு ஒரு துண்டு, நரம்புக்கு ஒரு துண்டு என்று ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்கூடப் போகும். பத்து வருடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பூக்கள்! பார்வை மங்கிய பிறகுதான் கத்தரியைக் கீழே வைத்தார். அந்தப் பூக்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவர் வேலையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்னொருவர் செய்த காகிதப் பூவைப் பார்த்து அவர் செய்யவில்லை. செடியைப் பார்த்துச் செய்தார்.

இங்கேதான் இன்றைய செல்போன் சவால்கள் சறுக்குகின்றன. ‘30 நாள், 30 பூ’ என்று வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். நாற்பது நிமிட வேலையை நாற்பது விநாடியில் ஓட்டிக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு உட்காரும் பிள்ளை, ஐந்தாவது நிமிடத்தில் ‘எனக்கு வரல’ என்று எழுந்துவிடும். பிள்ளை மேல் தப்பில்லை, வீடியோவின் வேகம் அப்படி. அதில் வரும் பூக்களும் பெரும்பாலும் நம் ஊரில் பூக்காதவை. ட்யூலிப்பை நேரில் பார்க்காத பிள்ளை, தான் செய்தது சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்லும்?

அதனால் நம் சவாலை மாற்றி வைப்போம். ஏழு வாரம், ஏழு பூ. ஏழும் நாஞ்சில் நாட்டில் கண்ணில் படுகிற பூக்கள். விதி ஒன்றே ஒன்று: முதலில் நிஜப் பூ ஒன்றைக் கையில் எடுத்து, பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும்.

முதல் வாரத்துக்குப் பெயரிலேயே காகிதம் வைத்திருக்கும் காகிதப்பூ. போகன்வில்லா என்று சொன்னால் தெரியும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மதில்களில் குடியேறிய கொடி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் பூ என்று நினைக்கிற அந்த ரோஸ் நிறப் பகுதி பூவே இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் குச்சி குச்சியாக நிற்கிறதே, சின்ன வெள்ளைக் குழாய், அதுதான் பூ. மூன்று இலை, ஒவ்வொன்றோடும் ஒட்டி ஒரு பூ. சாதாரண கலர் பேப்பரே போதும். இலை வடிவில் மூன்று வெட்டி, நடு நரம்புக்கு லேசாக ஒரு மடிப்பு கொடுத்து, சுருட்டிய வெள்ளைத் தாளை அதில் ஒட்ட வேண்டியதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும்.

வாடாமல்லி இரண்டாவது. நிஜப் பூவைத் தொட்டாலே காகிதம் மாதிரி சரசரக்கும். ஒரு விரல் அகல நாடாவில் ஒரு ஓரத்தை நெருக்கமாகக் கத்தரித்துச் சுருட்டினால் பாதி வேலை முடிந்தது. கோழிக்கொண்டை அதைவிடச் சுலபம். கிரேப் பேப்பர் ஓரத்தை விரலால் இழுத்து இழுத்து நெளிய விட்டு, அடியை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

நான்காவது கேந்தி. அது ஒரே பூ இல்லை, பல சின்னப் பூக்கள் கூடிய கூட்டம் என்பது பிய்த்துப் பார்த்தால்தான் புரியும். ஐந்தாவது தாமரை. நம் குளங்களில் இல்லாத தாமரையா? ஆனால் காகிதத்தில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எல்லா இதழையும் ஒரே அளவில் வெட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவு மாறும். நடுவில் மஞ்சள் பொகுட்டு இல்லாவிட்டால் அது தாமரையே இல்லை.

ஆறாவதாக அரளி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரியவர்கள் ஒரு பூவைப் பறித்து வந்து தட்டில் வைத்துக் காட்டுங்கள், பிறகு கையைக் கழுவிவிடுங்கள். ஒற்றை அரளியில் ஐந்து இதழ். ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழின் மேல் ஒரே திசையில் ஏறி நிற்கும், சுழலும் காற்றாடி போல. இதழின் நுனியும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வை விட்டுவிட்டால் வேறு ஏதோ பூவாகிவிடும்.

இதற்குக் கிரேப் பேப்பர் வேண்டும். வாங்கியதும் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நீளாது. சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்குப் போகிறமாதிரி வைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு கட்டை விரலாலும் நடுவில் மெல்ல அழுத்தி அகட்டும்போது இதழ் குழிந்து உயிர் பெறும். கோட்டைக் குறுக்கே வைத்து வெட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் குழியாது. காகிதப் பூ ‘காகிதம் மாதிரியே’ இருப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். காம்புக்கு விலை கொடுத்துக் கம்பி வாங்க வேண்டாம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவினால் போதும். தாமரை மாதிரி மகரந்தம் தெரிய வேண்டிய பூக்களுக்கு, ரவையில் மஞ்சள்தூள் கலந்து வைத்துக்கொண்டு பசை தடவிய நூல் நுனியை அதில் தொட்டு எடுங்கள்.

அரளி கைக்கு வந்த பிறகு, மாணிக்கமாலையின் கணக்கைக் காகிதத்தில் பழகலாம். இது அந்த மாலை ஆகிவிடாது. அதைக் கட்டுகிறவர்களின் விரலில் இருக்கிற வித்தை வேறு. கட்டம் எப்படி விழுகிறது என்பது மட்டும் இதில் பிடிபடும்.

வெள்ளை, சிவப்பு, பச்சைத் தாள்களை 4 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் இரண்டு கூர்முனைகளையும் மேல் முனைக்குக் கொண்டுவந்து மடித்தால், 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள குட்டிச் சதுரம் கிடைக்கும். திருப்பி, முனை மேலே வரும்படி சாய்த்து வைத்தால் வைரக் கட்டம். 12 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு அட்டைப் பட்டை எடுத்து, முதல் வரிசையில் நான்கு, அடுத்த வரிசையில் இடைவெளிகளில் மூன்று, மறுபடி நான்கு என்று ஒட்டிக்கொண்டே வாருங்கள். பட்டை நிறைய 20 வரிசை, 70 கட்டம். நிறத்தை எங்கே மாற்றுவது என்பது உங்கள் விருப்பம். சிவப்பை ஒரு வரிசை தள்ளி வைத்தாலே கோலம் முழுக்க மாறிவிடுவதைப் பார்க்கலாம். கணக்கில் ஆர்வமில்லாத பிள்ளைகூட இதில் எண்ண ஆரம்பித்துவிடும்.

எழுபது கட்டத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து கட்டம், ஒரு வாரம். வீட்டில் ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒருவர் மடிப்பு சரியில்லை என்றால் மற்றவர் வரிசையும் கோணும். அப்புறம் சண்டை வரும், அதுவும் வேண்டியதுதான்.

‘இதில் சம்பாதிக்க முடியுமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு என்று ஆசை காட்டும் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். பழகாத கைக்கு ஒரு கிரேப் ரோஜா முடிக்க அரை மணி நேரம் ஆகும். பத்துப் பூ கொத்துக்கு ஐந்து மணி நேரம். அந்த நேரத்துக்குக் கூலி போட்டு, பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் தொங்கும் பிளாஸ்டிக் பூங்கொத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாண மேடைக்கோ பிறந்தநாளுக்கோ சொல்லிச் செய்யச் சொல்பவர்கள் கிடைத்தால் பரவாயில்லை. மற்றபடி உங்கள் வீட்டு கொலுவுக்கும், கிறிஸ்துமஸ் குடிலுக்கும், ஸ்டார் தொங்குகிற வாசலுக்கும் செய்யுங்கள். முகூர்த்த நாட்களில் மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிறபோது, அலங்காரத்தில் பாதி இடத்தை இது அடைத்துவிடும். பூஜைக்கு மட்டும் நிஜப் பூதான் என்று பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது: மழை. ஆனி, ஆடிச் சாரலும் நமக்கு உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. ஈரக்காற்றில் கிரேப் பேப்பர் தொய்ந்துவிடும், பசை காய நேரமாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சிவப்புச் சாயம் வெள்ளை இதழுக்கு ஓடிவிடும். மழை நாளில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், வெயில் வந்ததும் ஒட்டுங்கள். செய்த பூவை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். விளக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஏழாவது வாரத்துக்குப் பிச்சி. கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சின்னப் பூ, நீளக் காம்பு, மெல்லிய இதழ். நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பூ என்பதால் சின்னத் தப்பும் பளிச்சென்று தெரியும். டிஷ்யூ பேப்பரை இரண்டு மடிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பூவும் இருபது மொட்டும் செய்து சரமாகக் கட்டுங்கள். விரிந்த பூவை வெள்ளையாக விட்டுவிடலாம். மொட்டுகளின் வெளிப்பக்கத்தில் மட்டும் கலர் பென்சிலால் மங்கலாக ஒரு ரோஸ் தீற்றல் போட மறக்காதீர்கள். தோவாளைக்காரர் கையில் கொடுத்தால் முதலில் அதைத்தான் தேடுவார்.