உப்பளத் தொழிலாளி எதனால் இறந்தார்? பொதுச் சுகாதாரத் தரவுகளும் தூத்துக்குடியின் தலித் மக்களும்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் வழங்க இதன்மூலம் வழி ஏற்பட்டது. முள்ளக்காடு, தருவைக்குளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என நீளும் தூத்துக்குடி மாவட்ட உப்பளங்களில் நிழலின்றி உப்பு வாரும் தொழிலாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவிப்பு வேறில்லை. அவர்களில் கணிசமானோர் நிலமற்ற தலித் மக்கள். அவர்களிலும் பெண்கள் ஏராளம்.

ஆனால் அந்தத் தொகைக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் இடையே ஒரு காகிதம் நிற்கிறது. மரணத்தின் காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் சான்று அது. அதில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டால், வெயிலும் உப்பளமும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. குடும்பம் இழப்பீட்டை இழக்கிறது. அந்தத் தொழில் உயிரைப் பறிக்கிறது என்பதற்கான சான்றைச் சமூகம் இழக்கிறது.

பொதுச் சுகாதாரத் துறையின் தரவுகள் வேகமாக நவீனமாக்கப்பட்டு வருகின்றன. பதிவேடுகள் கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. இந்த மாற்றம் நமக்கு என்ன தருகிறது, எதை மறைக்கிறது, சட்டத்தில் நாம் பற்றிக்கொள்ளக்கூடிய பிடிகள் எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணுவது யாருடைய தேவைக்காக?

இந்தக் கரையில் எண்ணிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஆங்கில அரசு கடலடியில் இருந்த முத்துப்பார்களை ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறித்தது. கரைக்கு வந்த சிப்பிகள் எண்ணப்பட்டன. அரசின் பங்கு பிரித்து ஏலம் விடப்பட்டது. 1961-உடன் அந்தக் குளிப்பு நின்றுபோனது. சிப்பி அவ்வளவு கவனமாக எண்ணப்பட்டதற்குக் காரணம், அதில் அரசுக்கு வருவாய் இருந்ததே. எதை எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்பதை எண்ணுபவரின் தேவைதான் முடிவு செய்கிறது. இன்றைய சுகாதாரத் தரவுக்கும் இது பொருந்தும்.

இன்றைய கட்டமைப்பை மூன்று அடுக்குகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் அடுக்கு, பிறப்பு இறப்புப் பதிவு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு மற்றும் இறப்புப் பதிவுச் சட்டம் இதன் அடிப்படை. 2023-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், நாடு முழுவதற்குமான தரவுத்தளத்தை உருவாக்குகிறது.

இரண்டாவது அடுக்கு, சேவைகளின் பதிவு. கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாட்டின் ‘பிக்மி’, காசநோயாளிகளுக்கு ‘நிக்‌ஷய்’, மருத்துவ நிலையங்களின் மாத அறிக்கைகளுக்குத் தேசியச் சுகாதார மேலாண்மைத் தகவல் அமைப்பு என ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தளம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றின் பதிவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

மூன்றாவது அடுக்கு, ஆளின் அடையாள எண். 2021 செப்டம்பர் 27 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் ‘ஆபா’ எனும் 14 இலக்க எண்ணை வழங்கி, சிதறிக் கிடக்கும் மருத்துவப் பதிவுகளை அந்த எண்ணில் கோக்க முனைகிறது.

இணைப்பின் பயனை நாம் மறுக்கத் தேவையில்லை. 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்ட 444 கொரோனா மரணங்களைத் தமிழ்நாடு அரசு தன் பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்தவர்கள் சுகாதாரத் துறையின் பட்டியலில் இல்லை. இரண்டு ஏடுகளும் ஒன்றோடொன்று பேசாததால் 444 பேர் கணக்கில் வராமல் போயிருந்தார்கள். ஏடுகள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவை எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதே நம் கேள்வி.

ஆள் தெரிகிறார், குடியிருப்பு தெரிவதில்லை

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கர்ப்பம் பிக்மியில் இருக்கும். அவருடைய இரத்த அழுத்தம் இன்னொரு தளத்தில் இருக்கும். இருமல் முற்றினால் நிக்‌ஷயில் பெயர் ஏறும். தனி ஆளாக அவர் முன்னெப்போதையும்விடத் துல்லியமாகத் தெரிகிறார். ஆனால் ஒரே பாத்தியில் நிற்கும் நூறு பேருக்கு ஒரே மாதிரியான நோய் வருகிறதா என்று கேட்டால் இந்தத் தளங்களில் விடை கிடைப்பதில்லை.

காரணம் படிவத்திலேயே இருக்கிறது. தொற்றா நோய்களைக் கண்டறியும் தேசியத் திட்டத்தின் வீட்டுவாரிப் படிவம், தொழில்சார் ஆபத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அது பயிர்க்கழிவு எரித்தல், குப்பை எரித்தல், செங்கல் சூளை, கண்ணாடித் தொழிற்சாலை என்று புகையையும் தூசியையும் சுற்றியே நிற்கிறது. வெப்பம், கண்ணைக் கூசும் உப்பின் ஒளி, பாதத்தை அரிக்கும் உப்புநீர் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களின் சிறுநீரகத்தைப் பற்றியும் கேள்வி இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதைக் காட்டினார்கள். ஆய்வாளர்கள் தேடிச் சென்றதால் கிடைத்த அறிவு அது. அன்றாடப் பதிவேடுகளே அதைத் தந்திருக்க வேண்டும்.

சாதியின் கணக்கும் இவ்வாறே. கர்ப்பிணிப் பதிவேடு பட்டியல் சாதியா, பழங்குடியா என்று கேட்கிறது. ஆனால் நாம் பார்க்கக் கிடைக்கும் மாத அறிக்கைகளில் சாதிவாரிப் பிரிவு இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்திய அளவில் ஆயிரம் பிறப்புக்கு இறக்கும் குழந்தைகள் பட்டியல் சாதியினரிடையே 40.7, எந்த ஒதுக்கீட்டுப் பிரிவிலும் வராத ‘பிறர்’ இடையே 28. இந்த இடைவெளி தூத்துக்குடியில் எவ்வளவு? அதே ஆய்வின் மாவட்ட அறிக்கையில் சாதிவாரி அட்டவணையே கிடையாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித்தாக இருக்கும் மாவட்டத்தில் நமக்குக் கிடைப்பது சராசரி மட்டுமே. நல்ல சராசரியின் பின்னால் ஒரு காலனியின் மரணங்கள் எளிதில் மறைந்துவிடும்.

வழக்கு மன்றத்தில் தரவின் இடம்

தரவு இல்லாமை என்ன செய்யும் என்பதற்குத் தூத்துக்குடியே பாடம். ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரப்பில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வு 80,725 பேரை உள்ளடக்கியது. சுவாச நோய்கள் 13.9 சதவீதம் என்று அது பதிவு செய்தது. ஆனால் அது ஒரு காலகட்டத்தின் நிழற்படம். ஆலை வருவதற்கு முன் அந்த மக்களின் உடல்நிலை எப்படி இருந்தது, பின்னர் ஆண்டுதோறும் எப்படி மாறியது என்று காட்டும் தொடர்பதிவு இருந்திருந்தால் அதன் வலிமை பன்மடங்காகியிருக்கும்.

2018 மே 22, 23 ஆகிய நாட்களில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகு, மே 28 அன்று ஆலை மூடப்பட்டது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் மூடலை உறுதி செய்தன. ஆற்றங்கரையில் கொட்டப்பட்ட தாமிரக் கசடு, நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகள், அபாயகரக் கழிவுக்கான அனுமதி ஆகியவை தொடர்பான விதிமீறல்களே மூடலுக்கான முக்கியக் காரணங்கள். கசடு எங்கே கிடக்கிறது என்பதற்கு ஆவணம் இருந்தது. மக்கள் உடலில் என்ன நேர்ந்தது என்பதற்கு அதே அளவு உறுதியான தொடர் ஆவணம் இல்லை. அடுத்த வழக்குக்கு அது வேண்டும்.

மரணக் காரணத்துக்கும் இதுவே நிலை. 2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவச் சான்று இருந்தது. வீட்டில் நேரும் மரணங்கள் பெரும்பாலும் காரணமற்ற மரணங்களாகவே ஏட்டில் ஏறுகின்றன. சான்று தரப்படும் இடத்திலும் குறை உண்டு. மரணத்துக்கு இட்டுச்சென்ற நோயையோ காயத்தையோ எழுத வேண்டும், இதயம் செயலிழந்தது போன்ற இறக்கும் விதத்தை எழுதக் கூடாது என்று சான்றுப் படிவத்திலேயே குறிப்பு இருக்கிறது. அந்த விதி மீறப்படும்போது வெயில் மறைகிறது.

கழிவுநீர்த் தொட்டியில் இறப்பவருக்கும் இதுவே நேர்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று கூறியது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களை வேறு தலைப்பில் வைத்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது. தலைப்பை மாற்றினால் மரணத்தையே இல்லாமல் செய்யலாம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதைப் பெறவும் மரணம் எங்கே, எந்த வேலையில் நேர்ந்தது என்பது ஏட்டில் இருக்க வேண்டும்.

சாதியைப் பதிவு செய்யலாமா?

மருத்துவமனைச் சாளரத்தில் சாதியைக் கேட்டால் அங்கேயே பாகுபாடு தொடங்காதா என்று தோழர்கள் கேட்பது நியாயம். அந்த அச்சத்துக்கு அனுபவம் அடிப்படை. இதற்கான தீர்வு நம் சட்ட நடைமுறையிலேயே உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுப் படிவத்தில் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என இரண்டு பகுதிகள் உள்ளன. இறந்தவரின் தொழில் புள்ளிவிவரப் பகுதியில் கேட்கப்படுகிறது. அப்பகுதி தனியே பிரித்துக் கணக்கிடப்படுகிறது. இறப்புச் சான்று நகலில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. தொகுத்த புள்ளிவிவரத்தை வெளியிட வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தனி மனிதரின் விவரம் மூடியிருக்க வேண்டும், சமூகத்தின் கணக்கு திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை இதில் இருக்கிறது. சாதியையும் தொழிலையும் இந்த வழியில் சேகரித்து, குடியிருப்புவாரியாகத் தொகுத்து வெளியிடலாம். ஆட்கள் மிகக் குறைவாக உள்ள இடங்களில் அடையாளம் வெளிப்படாதபடி எண்களைச் சேர்த்துத் தர வேண்டும்.

இன்றைய போக்கு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு வகை எதையும் வைக்கவில்லை. 2025 நவம்பரில் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவை விரித்து, தனிநபர் தகவலை மறுக்க அதிகாரிகளுக்கு அதிக இடம் தரும் திருத்தம் உடனே அமலானது. நம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் நமக்குள்ள உரிமைகளோ 18 மாதங்கள் தள்ளிவைக்கப்பட்டன. கதவு நம் பக்கம் முதலில் சாத்தப்பட்டது.

எண் இல்லாதவரின் நிலை இன்னொரு கவலை. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கர்ப்பகாலப் பதிவு எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவியான 18,000 ரூபாயும் அந்தப் பதிவைச் சார்ந்ததே. வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்துக்கு இப்பதிவு தவறினால் இழப்பு பெரிது. 2023 திருத்தத்தின்படி அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆவணம். பிறப்பைப் பதிவது அரசின் சட்டக் கடமை. ஒரு மென்பொருளின் கட்டாயப் புலம் அந்தக் கடமையைச் சுருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு மரணத்திலும் காரணச் சான்றின் நகலைக் கேளுங்கள். திருத்தப்பட்ட 10-ஆம் பிரிவின்படி மருத்துவ நிறுவனம் அதன் நகலை நெருங்கிய உறவினருக்கு வழங்க வேண்டும், கட்டணம் கிடையாது. வேலையிடத்தில் மயங்கி விழுந்தவர் என்றால் அந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள், உடற்கூறாய்வைக் கோருங்கள். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதவிடாமல் ‘உப்பளத் தொழிலாளி’ என்றே எழுதச் சொல்லுங்கள். பதிவு பிழையென்றால் 15-ஆம் பிரிவின்படி திருத்தம் கோரலாம்.

இரண்டாவதாக, தகவல் அறியும் உரிமை மனுவில் பெயர்களைக் கேட்காதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலைய வாரியாக, ஆண்டு வாரியாக, தொழில் வாரியாகத் தொகுத்த எண்ணிக்கையைக் கேளுங்கள். தொகுத்த எண் எவருடைய தனிநபர் தகவலும் அன்று. திருத்தத்தைக் காட்டி அதை மறுக்க முடியாது. மறுத்தால் மேல்முறையீட்டில் 10-ஆம் பிரிவின் பிரித்தளிக்கும் கடமையையும் 8(2)-இன் பொதுநலனையும் முன்வையுங்கள்.

மூன்றாவதாக, கிராம சபையில் உங்கள் ஊரின் சுகாதாரக் கணக்கை வைக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். உப்பளம், துறைமுகச் சுமைப்பணி, தூய்மைப் பணி ஆகியவற்றுக்குப் படிவத்தில் தனிக் குறியீடும், வெப்பநோய்க்குத் தனிப் பதிவும் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கும் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநருக்கும் எழுதுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் தனிப் பணி உண்டு. ஓர் உப்பளக் கிராமத்தின் ஐந்தாண்டு இறப்புகளை, குடும்பங்களின் ஒப்புதலோடு, தொழில், வயது, மாதம் என்று தொகுத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எண்ணிக்கை கூடுகிறதா என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரியத் தொடங்கும். அரசின் கணினியிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்கும்.