இடப்பக்கம் திரும்பும்போது விபத்து: பொறுப்பு யாருக்கு?

அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. அதனால் இடப்பக்கம் திரும்பும் கார், எதிரே வரும் வாகனங்களின் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயக் காப்பீட்டு வரம்பு உயர்ந்துள்ள நிலையில், இத்தகைய விபத்துகள் குறித்து எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்:

திரும்பிய கார் மீதுதான் எப்போதும் தவறா?

இல்லை. மாநில வாகனச் சட்டத்தின் 21801-ஆவது பிரிவின்படி, ஆபத்து நேரக்கூடிய நெருக்கத்தில் எதிரே வரும் எல்லா வாகனங்களுக்கும் திரும்புபவர் வழிவிட வேண்டும். ஆனால் அவர் சைகை விளக்கைப் போட்டு, காத்திருந்து வழிவிட்ட பிறகு திரும்பினால், எதிரே வருவோர் அவருக்கு வழிவிட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதிகம் கவனிக்கப்படாத விதி இது.

பச்சை விளக்கு எரிந்தபோது திரும்பினாலும் தவறாகுமா?

வட்டமான பச்சை விளக்கு எரிந்தாலும், எதிரே வரும் வாகனங்களுக்கு வழிவிடும் கடமை நீங்காது. பச்சை அம்புக்குறி எரியும்போது திரும்ப உரிமை உண்டு. எனினும் சந்திப்புக்குள் முறைப்படி ஏற்கெனவே இருக்கும் வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் இடம்தர வேண்டும்.

எதிரே வந்தவர் அதிவேகமாக வந்திருந்தால்?

தவறு இருவருக்கும் விழுக்காட்டில் பிரிக்கப்படும். திரும்பியவர் மீது 70 விழுக்காடு தவறு என்று முடிவானால், தமக்கு ஏற்பட்ட 1,00,000 டாலர் இழப்பில் 30,000 டாலரை அவர் பெறலாம். இந்த முறை 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த 'லி எதிர் எல்லோ கேப்' தீர்ப்பில் வந்தது. அந்த வழக்கே இடப்பக்கம் திரும்பிய காரும் டாக்சியும் மோதியது தொடர்பானதுதான். அதுவரை, காயமடைந்தவர் மீது சிறிது தவறு இருந்தாலும் இழப்பீடு மறுக்கப்பட்டு வந்தது.

காப்பீடு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒருவரின் காயம் அல்லது மரணத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் பலர் பாதிக்கப்பட்டால் மொத்தம் 60,000 டாலர், பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். முன்பு இவை முறையே 15,000, 30,000, 5,000 டாலராக இருந்தன. இவை குறைந்தபட்ச வரம்புகளே. இழப்பு அதைத் தாண்டினால் மீதித் தொகைக்குத் தவறு செய்தவரே பொறுப்பாவார்.

யாரிடம், எப்போது தெரிவிக்க வேண்டும்?

காயமோ மரணமோ நேர்ந்தாலும், சொத்துச் சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலும், 10 நாள்களுக்குள் மாநில மோட்டார் வாகனத் துறைக்கு 'எஸ்ஆர்-1' படிவம் அளிக்க வேண்டும். தவறு யாருடையதாக இருந்தாலும் இது பொருந்தும்.

வழக்குத் தொடரக் காலவரம்பு என்ன?

காயத்துக்கு 2 ஆண்டுகள், பொருள் சேதத்துக்கு 3 ஆண்டுகள் என்பது பொது விதி. மோதியது அரசு வாகனம் என்றால், முதலில் 6 மாதங்களுக்குள் உரிய அரசு அமைப்பிடம் எழுத்துமூலம் கோரிக்கை அளித்தாக வேண்டும்.

காப்பீடு இல்லாதவருக்கு இழப்பீடு உண்டா?

மருத்துவச் செலவையும் ஊதிய இழப்பையும் அவர் கோரலாம். வலி, மனவேதனைக்கான தொகையைப் பொதுவாகக் கோர முடியாது. எதிர்த் தரப்பு ஓட்டுநர் போதையில் ஓட்டியதாகத் தண்டனை பெற்றிருந்தால் விலக்கு உண்டு.