கணுவுக்குக் கணு செய்தி



தோட்டத்து அலுவலகத்தின் முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சம்பள நாள், தண்ணீர் நிறுத்தும் நேரம், கோயில் திருவிழாக் கூட்டம், பள்ளிக்கூடத்தில் பெயர் பதியும் நாள் என்று ஏதாவது ஒரு தாள் அதில் ஒட்டியிருக்கும். படிக்க வேண்டுமானால் நாம்தான் பலகையைத் தேடிப் போக வேண்டும். கேரித் தீவில் மேற்குத் தோட்டத்துப் பலகையில் ஒட்டிய செய்தி, கிழக்குத் தோட்டத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பலகையே இரவில் எழுந்து போய், அடுத்த தோட்டத்துப் பலகையிடம் தன் செய்திகளைக் கொடுத்து, அதனிடம் இருப்பவற்றை வாங்கிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிட்டால் எப்படி இருக்கும்? பாட்டி சொல்லும் கதைபோலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பலகைகளை உண்மையாகவே அமைத்தார்கள். அந்த அமைப்புக்கு ஃபிடோநெட் என்று பெயர். அதில் ஒரு பலகையைச் சேர்ப்பதற்கு என்னென்ன எழுதிவைக்க வேண்டும், எதை மறந்தால் செய்தி வழியில் நின்றுபோகும் என்பதை இன்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டால், நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி ஏன் வருகிறது, சில வேளைகளில் ஏன் வராமல் போகிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் கணினிப் பலகையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சிகாகோ நகரில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் ஒரு கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தார்கள். வேறொரு வீட்டில் கணினி வைத்திருப்பவர் அந்த எண்ணுக்கு அழைத்தால், அதில் உள்ள செய்திகளைப் படிக்கலாம்; தாமும் எழுதிவைக்கலாம். கணினியின் எழுத்தை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் எழுத்தாக்குவதும் மோடம் என்னும் கருவியின் வேலை. அந்நாளைய மோடம் நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகளைத்தான் அனுப்பும். ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகும்.

இந்தப் பலகைகள் ஒவ்வொன்றும் தனித் தீவாக இருந்தன. 1984இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து டாம் ஜென்னிங்ஸ் என்பவர், தம் பலகையும் பால்டிமோர் நகரில் இருந்த ஜான் மேடில் என்பவரின் பலகையும் தாமாகவே பேசிக்கொள்ளும்படி ஒரு நிரலை எழுதினார். இரவில் தொலைபேசிக் கட்டணம் குறைவு. ஆகவே ஊர் உறங்கும் நேரத்தில் ஒரு பலகை மற்றதை அழைக்கும். பகலெல்லாம் சேர்ந்த கடிதங்களை ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடும். பத்துப் பேர் பத்து முறை அழைக்கும் செலவு ஓர் அழைப்பில் முடிந்துவிடுகிறது. இந்தச் சிக்கனந்தான் அதை வளர்த்தது. 1990களின் நடுப்பகுதியில் உலகெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண மக்கள்.

இப்படி வலையில் சேர்ந்த ஒவ்வொரு பலகையையும் ஒரு 'கணு' என்று சொல்வோம். மூங்கிலில் கணுவுக்குக் கணு இணைந்து தண்டு நீள்வதுபோல, செய்தியும் கணுவுக்குக் கணு தாண்டிப் போகிறது. ஒரு கணுவை அமைப்பவர் முக்கியமாக ஐந்து விவரங்களை எழுதிவைக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, முகவரி. கடித உறையில் நாடு, ஊர், வீட்டு எண் எழுதுகிறோம். ஃபிடோநெட்டிலும் அதே முறைதான். முதலில் மண்டலத்தின் எண், அடுத்து ஊர்க்கூட்டத்தின் எண், கடைசியில் கணுவின் எண். எடுத்துக்காட்டுக்கு நாமே ஒன்றை எழுதிப் பார்ப்போம்: 6:99/7. ஆறாம் மண்டலத்தில், தொண்ணூற்றொன்பதாம் கூட்டத்தில், ஏழாவது கணு என்று இதற்குப் பொருள். வட அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, ஆசியாவுக்கு 6 என்று வைத்திருந்தார்கள். எல்லாக் கணுக்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியல் ஒன்று வாரந்தோறும் புதுப்பிக்கப்பட்டு எல்லாருக்கும் போகும்.

இந்தப் பட்டியலில் ஓர் எண் தவறினால் என்ன ஆகும்? தொடக்க காலத்தில் அப்படி நடந்ததாக ஜென்னிங்சே பின்னாளில் எழுதியிருக்கிறார். கணினியே இல்லாத ஒருவர் வீட்டில் நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கும். எடுத்தால் பேச ஆளிருக்காது. மறுநாள் இரவும் அதே தொல்லை. எந்திரத்துக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. எழுதிவைத்த எண்ணை அது அழைத்துக்கொண்டே இருக்கும். யார் தூக்கம் கெட்டது என்பது அதற்குத் தெரியாது. எழுதியவர்தான் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, அண்டைக் கணு. ஒவ்வொரு கணுவும் உலகில் உள்ள எல்லாக் கணுக்களையும் அழைத்தால் கட்டணம் கட்டி முடியாது. ஆகவே, 'எனக்கு வருவதும் என்னிடமிருந்து போவதும் இன்ன கணு வழியாக' என்று எழுதிவைப்பார்கள். கேரித் தீவிலிருந்து வெளியூர் போகிறவர் முதலில் லங்காட் ஆற்றுப் பாலத்தைத்தான் கடக்கிறார். பிறகு தெலுக் பங்லிமா காராங், பிறகு கிள்ளான், அதன் பிறகே கோலாலம்பூர். பாலத்துக்கு வழி சொல்லாமல் கோலாலம்பூருக்கு வழி சொல்லிப் பயனில்லை. கணுவும் தன் முதல் பாலத்தைச் சரியாக அறிந்திருந்தால் போதும்; அதற்கு அப்பால் உள்ள வழியை அடுத்த கணு பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, மறைச்சொல். இரண்டு அண்டைக் கணுக்கள் தமக்குள் மட்டும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளும். அழைக்கும் கணு அந்தச் சொல்லைச் சொன்ன பிறகே கடிதக் கட்டு கைமாறும். இல்லாவிட்டால், 'நான்தான் ஏழாவது கணு' என்று பொய் சொல்லி வேறொருவர் நம் கடிதங்களை வாங்கிப் போய்விடலாம். இரு பக்கத்திலும் அந்தச் சொல் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கதவு திறக்காது.

நான்காவது, நேரம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் அஞ்சலுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆசிய மண்டலத்தில் அது நம் நாட்டு நேரப்படி விடியற்காலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை. தோட்டத்தில் அடுப்பு மூட்டிப் பெரட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகும் வேளை! அந்த ஒரு மணி நேரத்தில் மனிதர் யாரும் அந்தப் பலகையை அழைக்கக் கூடாது. கம்பி அஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய வேலை இல்லை. அதுபோல, அஞ்சல் நேரத்தில் தொடர்ந்து பதில் சொல்லாத கணுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

நேரம் என்றால் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கடிகாரத்தைத் தள்ளிவைக்காமல் உறங்கியவர் பெரட்டுக்கு அரை மணி பிந்தித்தான் போயிருப்பார். கணுவுக்கும் அதே கதிதான்.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பலரும் படிக்கும் பொதுச் செய்தி பல கணுக்களைச் சுற்றி வரும்போது, போன இடத்துக்கே திரும்பப் போய் நூறு படிகளாகப் பெருகிவிடக்கூடும். அதைத் தடுக்க எளிய வழி ஒன்று கண்டார்கள். அலுவலகச் சுற்றறிக்கையில் பார்த்தவர்கள் வரிசையாகக் கையெழுத்திடுவார்கள் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அதைப் பார்த்துவிட்ட கணுக்களின் எண்கள் இருக்கும். அனுப்பும் கணு அந்த வரிசையைப் பார்த்து, ஏற்கெனவே பார்த்தவருக்கு மறுபடி அனுப்பாது.

ஐந்தாவது, எழுத்து. நம்மவர்க்கு மிகவும் வேண்டியது இதுதான்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'இந்த எண் வந்தால் இந்த எழுத்தைக் காட்டு' என்று ஓர் அட்டவணை அதனிடம் இருக்கும். ஆங்கிலத்துக்கு அந்த அட்டவணை முன்பே முடிவாகி, உலகெங்கும் பரவியிருந்தது. தமிழுக்கு அப்படி இல்லை. தமிழ் நிரல் செய்தவர்கள் ஆளுக்கோர் அட்டவணை வைத்திருந்தார்கள். ஒருவர் 'அம்மா நலமா' என்று எழுதி அனுப்புவார். முகவரி சரி, அண்டை சரி, மறைச்சொல் சரி, நேரமும் சரி. கடிதம் பழுதில்லாமல் போய்ச் சேரும். ஆனால் பெற்றவரின் திரையில் கோடும் புள்ளியும் வெள்ளைக்கார எழுத்துமாகக் கலந்து கிடக்கும். கடிதம் வந்தும் வராத கதை! அதனால் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அந்தக் கடிதத்தால் என்ன பயன்?

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முக்கியமான ஒருவர் நம் கேரித் தீவோடு தொடர்புடையவர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. கேரித் தீவில் பிறந்த ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980களின் நடுப்பகுதியிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரும் பணியைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய நிரலின் பெயர் 'முரசு அஞ்சல்'. பெயரிலேயே அஞ்சல் இருப்பதைக் கவனியுங்கள். ஆப்பிள் கணினிகளோடு வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான். கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளிவந்தது.

இதற்கிடையில் உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை வேண்டும் என்று யூனிகோடு முறை உருவானது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949, 'க' என்னும் எழுத்துக்கு 2965. ஆனால் இடம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எல்லாக் கணினிகளும் பழைய அட்டவணைகளை விட்டுப் புதியதற்கு மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று பந்திங்கிலிருந்து அனுப்பும் தமிழ்ச் செய்தி மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் டர்பனிலும் அதே எழுத்தாகத் தெரிகிறதென்றால், எல்லாக் கணுக்களும் ஒரே அட்டவணைக்கு உடன்பட்டதுதான் காரணம்.

இணையம் பரவிய பிறகு தொலைபேசிப் பலகைகள் ஓய்ந்தன. ஃபிடோநெட்டின் ஆசிய மண்டலம் 2007இல் கலைக்கப்பட்டது. எஞ்சிய கணுக்கள் மூன்றாம் மண்டலத்தில் சேர்ந்தன. உலகின் சில பகுதிகளில் ஆர்வலர்கள் அதை இணைய வழியாக நடத்தி வருகிறார்கள். பழைய பலகை போய்விட்டாலும், அந்த ஐந்து விவரங்கள் போய்விடவில்லை. அவை இப்பொழுது நம் சட்டைப்பையில் இருக்கின்றன.

எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோகிறோம். பழைய கைப்பேசி எண்ணை விட்டுப் புதியது வாங்குகிறோம். பிள்ளைகளிடம் சொல்கிறோம், உறவினரிடம் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் சொன்னோமா? மருத்துவமனை அட்டையில் மாற்றினோமா? சேமநிதியிலும் சொக்சோவிலும் வங்கியிலும் எந்த எண் இருக்கிறது? பழைய எண் சில காலத்துக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த செய்தியும், நம் பணத்துக்காக வங்கி அனுப்பும் மறை எண்ணும் அந்த முகம் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும். அனுப்பியவர் மேல் குற்றமில்லை. பட்டியலில் இருந்த எண்ணுக்குத்தான் அனுப்பினார்கள்.

மறைச்சொல்லும் அப்படித்தான். அது இரண்டு அண்டைக் கணுக்களுக்கு நடுவே மட்டும் இருக்க வேண்டியது. வங்கி அனுப்பிய எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், காவல்துறை என்று சொன்னாலும், கொடுக்கவே கூடாது.

இன்று மாலை ஒரு சிறு வேலை செய்வோம். பழைய பள்ளிப் புத்தகத்தில் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் எழுதுகோலைக் கொடுப்போம். நம் எண் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று தாத்தா பாட்டியையும் கேட்டு வரிசையாக எழுதச் சொல்வோம். எந்த இடத்தில் பழைய எண் இருக்கிறதோ அதற்கு நேரே ஒரு புள்ளி வைப்போம். அடுத்த முறை கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போகும் நாளில் ஒவ்வொரு புள்ளியாக அழித்துவிட்டு வருவோம். தாத்தாவின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்றும் பார்த்து, இல்லையென்றால் அமைத்துக் கொடுப்போம். வெளியூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அவர் தம் கையாலேயே, தம் எழுத்திலேயே இரண்டு வரி அனுப்பட்டும்.