கோத்தி, பந்தி, தோழி: பெயரை யார் வைக்கிறார்கள்?

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பு சொன்னது. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள் என்று இன்னொரு பெண் போட்ட மனு. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு. கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்றும் ஒன்று உண்டு என்று அதில் சொன்னதைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்கு வேறு ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. மனு போட்டவர் தங்கள் உறவை உள்ளபடி எழுதவில்லை. போலீஸுக்குக் கொடுத்த புகாரிலும் 'நெருங்கிய தோழி' என்றுதான் தன்னைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது என்று நீதிபதிகளே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் 'தோழி'? பயம் ஒரு காரணம், சரி. ஆனால் வேறு என்ன வார்த்தை அவர் கையில் இருந்தது என்றும் கேட்கணும். இந்தச் சமூகத்துக்குள் புழங்கும் பெயர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தால், ஆண்கள் பக்கம் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. பெண்கள் பக்கம் கிட்டத்தட்ட காலி.

ஆண்கள் பக்கம் இருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் 'கோத்தி', 'பந்தி' என்று இரண்டு சொற்கள் உண்டு. எங்கள் மங்கலம்பேட்டைக்கு அந்தாண்ட, உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் திருநங்கைகள் என்றே ஊரில் நினைப்பார்கள். பேன்ட் சட்டையில் வரும் கோத்திகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களைத் தனியாகச் சொல்ல ஊர்ப் பேச்சில் வார்த்தை கிடையாது. 'ஒம்போது' என்ற வசவு ஒன்றுதான், எல்லாருக்கும் சேர்த்து.

கோத்தி என்பது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பெண்மை கலந்த நடை, பேச்சு, ஆண்கள் மேல் ஈர்ப்பு, உறவில் 'பெண்' பக்கத்து இடம் என்று எல்லாம் சேர்ந்தது அது. ஒரு கோத்தி இன்னொரு கோத்தியை அக்கா, மகள் என்று முறை வைத்துக் கூப்பிடுவார். முறை வந்துவிட்டதால் அவர்களுக்குள் காதல் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துவிடும். நம்ம பங்காளி முறை மாதிரிதான். ரத்தம் இல்லாத இடத்திலும் முறை கட்டாமல் தமிழனுக்கு இருக்க முடியாது போல.

பந்தி அப்படி இல்லை. கோத்திகள் தங்களிடம் வரும் 'ஆம்பளை'க்கு வைத்த பெயர் அது. டெல்லியில் 'கிரியா' என்பார்கள், கொல்கத்தாவில் 'பரிக்'. பந்தி என்று அழைக்கப்படுகிற ஆள் பெரும்பாலும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதே கிடையாது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எல்லோரையும் போலத் தெருவில் நடமாடுவார். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்று பயனர் தானே நிரப்பிய தகவல், இன்னொன்று வேறு யாரோ அவருக்காக நிரப்பியது. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு. அடுத்த பத்து ஆண்டுகளில் தடுப்புத் திட்டங்கள், நிதி, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் வந்தன. நிதி வந்தால் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பிரிவு வேண்டும். 'ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்ற மருத்துவத் தலைப்பின் கீழ் கோத்தி, பந்தி என்ற வாய்ச்சொற்கள் அரசு ஆவணத்துக்குள் ஏறின. ரெண்டு பக்கமும் போகிறவருக்கு 'டபுள் டெக்கர்' என்ற மூன்றாவது பெயரும் கூடவே. சென்னையில் மாடி பஸ் ஓடிய காலத்துக் கிண்டல் அது. இப்போது படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த அடையாளத்தை தெற்காசியா முழுக்கப் பரவலாக்கியதில் நாஸ் ஃபவுண்டேஷன் இன்டர்நேஷனல் நடத்திய ஷிவானந்தா கானுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005இல் மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் இதையே எடுத்துக்கொண்டு 'கோத்திப் போர்கள்' என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கோத்தி என்றால் உள்ளூர், ஏழை, அசல். 'கே' என்றால் நகரம், ஆங்கிலம், இறக்குமதி என்று ஒரு கோடு விழுந்ததும், எது உண்மையான இந்திய அடையாளம் என்ற சண்டைக்குள் எய்ட்ஸ் நிதி நுழைந்ததும் அதில் விவரமாக வரும். என் அபிப்பிராயத்தில் அந்தக் கோடு பாதி நிஜம். ஆங்கிலம் பேசும் சென்னைக்காரர் 'கே' என்பார், பேசாதவர் கோத்தி என்பார். வர்க்க வித்தியாசம் கண்கூடு. ஆனால் 'இவர்தான் அசல்' என்று யாரையாவது சொன்னால், மாறிப் பார்க்கும் உரிமை அவரிடமிருந்து போய்விடுகிறது. கோத்தி என்று பதிவானவர் நாளைக்கு இன்னொரு கோத்தியை விரும்பினால் அவரை எந்தக் காலத்தில் எழுதுவது?

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்லை. 1940, 50களில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மதுக்கடைகளில் கூடிய உழைக்கும் வர்க்கத்து லெஸ்பியன் பெண்களிடம் 'புட்ச்', 'ஃபெம்' என்று இரண்டு பாத்திரங்கள் இருந்தன. கால்சட்டை, குட்டை முடி, சண்டைக்கு நிற்கும் துணிவு ஒன்றுக்கு. கவுன், உதட்டுச்சாயம் மற்றதுக்கு. எலிசபெத் கென்னடியும் மேடலின் டேவிஸும் அந்தப் பெண்களிடமே பேசிச் சேர்த்த வரலாறு 1993இல் புத்தகமாக வந்தது. இரண்டிலும் நிலையாக நிற்காதவரை அந்தக் காலத்தில் 'கிகி' என்று கேலி செய்தார்கள். நம்ம டபுள் டெக்கரின் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 70களில் பெண்ணியவாதிகள் பலர் இதெல்லாம் புருஷன் பெண்டாட்டி வேஷம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் அடி விழுகிற காலத்தில், ஒருத்தரையொருத்தர் அடையாளம் கண்டுகொள்ள அந்த உடை உதவியது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

நம்ம பெண்களுக்கு அப்படி ஒரு மதுக்கடை இல்லை. கோத்திகள் கூடுகிற பூங்கா, பஸ் ஸ்டாண்டு, திருவிழா எதுவும் பெண்களுக்குக் கிடையாது. கூட இடம் இருந்தால்தானே குழூஉக்குறி பிறக்கும்? மாயா சர்மா வட இந்தியாவின் ஏழை, உழைக்கும் பெண்களிடையே அலைந்து 2006இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சந்தித்தவர்களில் பலர் 'லெஸ்பியன்' என்ற சொல்லைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளவே இல்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள், சொல் மட்டும் இல்லை. எச்.ஐ.வி. திட்டமும் இவர்களை எண்ணவில்லை, ஏனென்றால் நோய்க்கணக்கில் இவர்கள் ஆபத்துப் பிரிவு இல்லை. எண்ணப்படுவதில் உள்ள தொல்லை ஒரு பக்கம், எண்ணப்படாததில் உள்ள தொல்லை இன்னொரு பக்கம்.

தமிழில் ரொம்ப நாளாக இருந்த பொதுச்சொல் 'ஓரினச்சேர்க்கை'. சேர்க்கை என்பது செயல். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் செயலைத்தான் பேசியது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் வந்தபோது செயலிலிருந்து மனசுக்கு நகர்ந்தோம். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து நடந்தால் குற்றமில்லை என்று 377இன் பிடியைத் தளர்த்தியது.

அடுத்தது நம்ம மாநிலத்தில். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 ஆகஸ்டில் இவர்களை எப்படிக் குறிப்பிடுவது என்ற சொற்பட்டியல் தமிழ்நாடு அரசிதழில் வந்தது. சொற்பட்டியலைவிட முக்கியமானது போலீஸுக்குச் சொன்ன வழிமுறை. 'காணவில்லை' என்று பெற்றோர் புகார் கொடுத்து, விசாரித்ததில் சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், மனமொத்தவர்கள், இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது.

நல்ல வழிமுறைதான். ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். 'இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்' என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் யாராவது சொல்ல வேண்டும். புரோகிராமில் ஒரு கொடி ஏறினால்தான் அந்த வரி ஓடும் என்பது மாதிரி. தோழி என்று எழுதினால் கொடி ஏறாது. உண்மையை எழுதினால் கொடி ஏறும். ஆனால் எந்த ஸ்டேஷனில், யார் முன்னால், அப்பா அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதா? பெயர் சொன்னால்தான் பாதுகாப்பு, பெயர் சொல்லப் பாதுகாப்பு வேண்டும்.

2025 வழக்கில் நடந்ததும் இதுதான். அந்தப் பெண்ணை போலீஸ் பெற்றோரோடு போகச் சொல்லி அனுப்பிவிட்டது; நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தாயார் தரப்பில் மகளைக் கெடுத்தது மனுதாரர்தான் என்றார்கள். நீதிபதிகள் அந்தப் பெண்ணிடமே பேசினார்கள். அவர் தான் லெஸ்பியன் என்றும், மனுதாரரோடு உறவில் இருப்பதாகவும், வீட்டுக்கு இழுத்துச் சென்று அடித்ததாகவும், 'சரியாக' வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்ததாகவும் தன் வாயால் சொன்னார்.

அதே தீர்ப்பில் இன்னொரு பத்தி. 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்த எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்கிறார்கள் நீதிபதிகள். அகராதியில் அதற்கு விசித்திரம் என்று பொருள், தன் நாட்டம் தனக்கு இயல்பாக இருக்கும் ஒருவரை ஏன் விசித்திரம் என்று அழைக்கணும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் பாதி. ஒரு காலத்தில் வசவாக இருந்ததை அந்தச் சமூகமே எடுத்துத் தலையில் சூடிக்கொண்ட சொல் அது. கழற்றச் சொல்லும் உரிமையும் அவர்களுடையதுதான். தமிழில் இதற்குப் 'பால்புதுமையர்' என்று வைத்திருக்கிறோம். விசித்திரம் போய் புதுமை வந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் சில சமயம் இப்படி லாபமும் கிடைக்கும்.

உத்தரவு சுருக்கமானது. அந்தப் பெண்ணை யாரும் அவர் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்கக் கூடாது, வீட்டார் குறுக்கே வரக் கூடாது, கேட்கும்போது போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும்.