பிறந்த வீட்டுச் சொத்து: சட்டம் தரும் பங்கும் கேட்கப்படும் கையெழுத்தும்

சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் உள்ள சான் ரமோன் நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தகவல் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்தவை. இக்குடும்பங்களின் பெண்களிடம் சொத்து தொடர்பாக இரு கையெழுத்துகள் கேட்கப்படலாம். ஒன்று தமிழ்நாட்டில் உள்ள பிறந்த வீட்டுச் சொத்துக்கானது. மற்றது கணவருடன் குடியிருக்கும் அமெரிக்க வீட்டுக்கானது. இரண்டிலும் சட்டம் பெண்ணின் பக்கமே நிற்கிறது. இரண்டிலும் பெண் தன் பங்கை இழப்பது தன் கையெழுத்தினாலேயே.

முதலாவது, பெரும்பாலும் தந்தையின் மறைவுக்குப் பின்னர் வருகிறது. வீட்டையோ நிலத்தையோ சகோதரர் பெயருக்கு மாற்ற, சகோதரியின் விடுதலைப் பத்திரம் தேவை. நேரில் வர இயலாதவர் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட்டால், எஞ்சியது சார்பதிவாளர் அலுவலக வேலை.

இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கப்படும் உரிமை எளிதில் கிடைத்ததல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை மகன்களுக்கே இருந்தது. தமிழ்நாடு இதனை 1989 மார்ச் 25 முதல் மாற்றியது. எனினும் அந்நாளுக்கு முன்னரே மணமான மகள்கள் விலக்கப்பட்டனர். இந்திய அளவில் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தமே மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. குடும்பம் வாழும் வீட்டில் மகள்கள் பாகப்பிரிவினை கோர முடியாது என்றிருந்த பழைய தடையும் அப்போதுதான் நீங்கியது. திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற சர்ச்சைக்கு உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில், அவசியமில்லை என்று விடையளித்தது.

ஆயினும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் விவசாயக் கைப்பற்றுகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 விழுக்காடு மட்டுமே. சகோதரிகள் பங்கை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் தியாகமல்ல, நெருக்கடி நேர்ந்தால் திரும்பிச் செல்ல ஒரு வீடு வேண்டும் என்பதற்காகச் செலுத்தும் காப்பீடு போன்றது எனப் பொருளியலாளர் பீனா அகர்வாலின் ஆய்வுகளிலிருந்து புரிந்துகொள்ளலாம். சான் ரமோனில் ஊதியம் பெறும் பெண்ணுக்கு அந்தக் காப்பீடு தேவையில்லை என்று தோன்றலாம். அவரிடம் வேறு வாதம் வைக்கப்படுகிறது: "உனக்கு அங்கே என்ன குறை?" நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்பது அடுத்த வாதம். பெற்றோரை இறுதிவரை பார்த்துக்கொண்டவர் சகோதரரே என்பது மூன்றாவது வாதம், இது நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கு மேசையில் வைத்துப் பேசப்படுவது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது கையெழுத்தைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. கலிஃபோர்னியச் சட்டப்படி திருமண காலத்தில் உழைத்துச் சேர்த்த சொத்து, யார் பெயரில் ஊதியம் வந்தாலும், தம்பதியரின் பொதுச் சொத்து. அதனை நிர்வகிப்பதில் மனைவிக்குச் சம உரிமை 1975 முதல் உண்டு. ஆனால் கணவரின் விசாவைச் சார்ந்து வந்து வருமானமின்றி இருக்கும் மனைவியைச் சேர்க்காமல், கணவர் பெயரில் மட்டும் வீட்டுக்கடன் வாங்கும்போது, வீட்டில் தமக்கு உரிமையில்லை என்ற பத்திரத்தில் மனைவி ஒப்பமிடுமாறு கோரப்படுவதுண்டு. பின்னாளில் மணமுறிவு நேர்ந்தால் அதனை எதிர்த்து வாதிட இடமுண்டு என்றாலும், சுமை மிகும். கடனில் பெயர் இல்லாதவர் உரிமைப் பத்திரத்தில் இடம்பெறக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கையெழுத்திடும் மேசையில் இதனை எடுத்துச் சொல்பவர்தான் இருப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை தலைகீழ். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்குக் காணி சீதனமாக அவர்கள் பெயரிலேயே வருகிறது. ஆனால் மணமான பெண் அதனை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. போரில் கணவர் காணாமல்போன பெண்கள், தமது சொந்தக் காணிக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியவர்களாயினர்.

ஆப்பிரிக்க நாடுகள் சில, இக்கையெழுத்தைப் பெண்ணின் காவலாக மாற்ற முயன்றுள்ளன. உகாண்டாவின் 1998ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, குடும்பம் வாழும் நிலத்தை விற்கத் துணைவரின் சம்மதம் கட்டாயம். எத்தியோப்பியாவின் சில மாநிலங்களில் நிலச் சான்றிதழில் கணவன் மனைவி இருவரது படங்களும் ஒட்டப்படுகின்றன. ருவாண்டா 1999இல் மகள்களுக்குச் சம வாரிசுரிமை அளித்தது. பின்னர் நாடு முழுவதும் நிலத்தைப் பதிவு செய்தபோது மனைவியரின் பெயர்களும் ஏடேறின. ஆனால் திருமணத்தைச் சட்டப்படி பதியாத பெண்கள் பின்தங்கினர்.

தமிழ்நாட்டிலோ, 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியப்படும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது. குடும்பத்தாருக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்துக்கும் அரசின் சலுகை நெடுங்காலமாக உண்டு. முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு மட்டுமே. அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது.