முத்திரைத்தாளில் முடியுமா விவாகரத்து?

திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு தலபுராணம் உண்டு. கைலாயத்தில் சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடினார்களாம். அம்மையார் விளையாட்டாகக் கணவனின் கண்களைப் பொத்திவிட, உலகமே இருண்டு போயிற்றாம். அதற்குத் தண்டனையாக அந்த அம்மாள் புருஷனைப் பிரிந்து பூலோகம் வந்து, இந்த ஊரில் தவமிருந்து, பிறகுதான் அவனோடு மறுபடியும் சேர்ந்தாளாம். அருந்தவநாயகி என்று அவளுக்குப் பெயரும் வைத்துக் கும்பிடுகிறார்கள். கண்ணைப் பொத்திய குற்றத்திற்குப் பெண்டாட்டியைத் தள்ளி வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள், பிரிவு என்று வந்தால் தவம் கிடக்க வேண்டியவள் பெண்தான் என்று நினைப்பதில் நமக்கு ஆச்சரியமில்லை. புராணத்தை நம்பாத நம் தோழர்களும் அப்படியே நடந்து கொள்வதுதான் நமக்கு ஆச்சரியம்.

புருஷன் பெண்டாட்டிக்குள் இனி ஒத்துவராது என்று ஆகிவிட்டால் நம்மவர்கள் முதலில் எங்கே போகிறார்கள்? நாட்டாண்மை வீட்டுத் திண்ணைக்குத்தான். நாலு பெரிய மனிதர்கள் கூடி, சீர்வரிசைப் பாத்திரத்தையும் நகையையும் கணக்குப் பார்த்து, ஒரு முத்திரைத்தாளில் ‘இன்று முதல் ஒட்டுமில்லை, உறவுமில்லை’ என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரியின் முத்திரையையும் குத்திக் கொடுத்து விடுகிறார்கள். அதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். சிப்காட்டில் வேலை செய்யும் தோழரும், நெய்வேலிச் சுரங்கத்திற்குப் போகும் தோழரும் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த தை மாதத்தில் வேறு பெண் பார்க்கக் கிளம்பி விடுகிறார்கள்.

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறோம். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை ரத்து செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டு. ‘எங்கள் சாதியில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டே’ என்பார்கள். உண்மைதான்; அப்படிப்பட்ட பழைய வழக்கத்திற்கு அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல் இருந்து வருகிறது என்பதைக் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியவர் அதைச் சொல்கிறவர்தான். நாட்டாண்மை வந்து கூண்டில் ஏறுவாரா?

நிரூபிக்க முடியாவிட்டால் முதல் மனைவி மனைவியாகவே இருக்கிறாள். இரண்டாவது கல்யாணம் செல்லாது. இருதார மணக் குற்றத்திற்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவிலும் சரி, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவிலும் சரி, ஏழு வருஷம் வரை சிறை உண்டு. இரண்டாவதாக வந்தவள்தான் பரிதாபத்திற்குரியவள். தெரியாமல் வந்த அவளுக்கு மனைவி என்ற அந்தஸ்து இல்லை. அவள் பெற்ற பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை.

இன்னொரு சங்கதி. ‘நாம் செய்து கொண்டது சுயமரியாதைக் கல்யாணம். புரோகிதனும் இல்லை, மந்திரமும் இல்லை. பேசிச் சேர்ந்தோம், பேசிப் பிரிகிறோம், கோர்ட்டு எதற்கு?’ என்று வாதாடும் தோழர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சங்கதியை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலேயே கல்யாண ரத்து உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டவர்கள் நாம். அந்த உரிமையைச் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒப்புக்கொள்ள 1949 வரை ஆயிற்று. நம் கல்யாணங்களோ செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. கட்டிய மனைவியை வைப்பாட்டி என்றும், பெற்ற பிள்ளையை வாரிசில்லை என்றும் பங்காளிகள் வழக்காட அது வழி திறந்து விட்டது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக வந்து, 1967இல் சட்டம் செய்து, 1968 ஜனவரியில் அது நடப்புக்கு வந்த பிறகுதான் அந்த இழிவு நீங்கிற்று. முன்னே நடந்த கல்யாணங்களும் செல்லும் என்றாயிற்று. அந்தப் பிரிவு, 7-ஏ, உட்கார்ந்திருப்பது அதே இந்து திருமணச் சட்டத்திற்குள்தான். அந்தச் சட்டத்தால் அந்தஸ்து பெற்ற கல்யாணம் அந்தச் சட்டத்தின்படிதான் பிரியும். (கிறிஸ்தவ, முஸ்லிம் தோழர்களுக்குச் சட்டம் வேறு, அதைத் தனியே எழுத வேண்டும்.)

சரி, கோர்ட்டுக்குப் போவதென்றால் வக்கீல் வேண்டுமே! அங்கேதான் நம் ஏழைத் தோழர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வக்கீல் வைத்துக் கொள்வது யாருக்கும் உரிமையல்ல என்றே சொல்கிறது. கட்சிக்காரர் தாமே நின்று பேசலாம். நடைமுறையில் அனுமதி வாங்கிக் கொண்டு வக்கீல்கள் வந்து நிற்கிறார்கள் என்றாலும், ‘நானில்லாமல் நீ படியேற முடியாது’ என்று ஒருவர் மிரட்டினால் அதை நம்ப வேண்டியதில்லை.

இருவரும் மனமொத்துப் பிரிவதானால் வேலை இன்னும் சுலபம். 1976இல் சேர்த்த 13-பி பிரிவுப்படி, ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமரசத்திற்கு வழியே இல்லையென்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளிவிடலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கிற்கும், வருஷக்கணக்காக நடக்கும் சண்டை வழக்கிற்கும் ஒரே பீஸ் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன? கொத்தனாரிடம் கூலி பேசாமல் யாராவது சுவர் எழுப்புகிறார்களா?

மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முதலிலேயே பேசி, கொடுப்பதற்கு ரசீது வாங்க வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. வக்காலத்தையும் மனுவையும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ‘ஜீவனாம்சம் வாங்கித் தருகிறேன், வருவதில் எனக்குப் பங்கு’ என்று பேசுகிற வக்கீலை விட்டு எழுந்து வந்து விடுங்கள். அது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக் கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000ஆம் வருஷத்திலேயே உச்சநீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

மனுவைப் படித்துக் காட்டச் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வழக்கு பலமாக இருக்க வேண்டுமென்று சில குமாஸ்தாக்கள் ‘நடத்தை கெட்டவள்’, ‘சித்தம் கலங்கியவள்’ என்று வாய்க்கு வந்ததை எழுதி வைக்கிறார்கள். நம் தோழரும் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போடுகிறார். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, கூட வாழ்ந்தவளின் மானத்தைக் கோர்ட்டில் இப்படி ஏலம் போடலாமா? சட்டத்தாலும் இதில் லாபமில்லை. ஆதாரமில்லாமல் இப்படிப் பழி எழுதுவதே மனக்கொடுமையாகும் என்று 1993இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கெட்டிக்காரத்தனமாக எழுதிய வரியே எதிராளிக்கு ஆயுதமாகி விடும்.

பணமே இல்லாதவர் என்ன செய்வது? 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைத் தோழர்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு. ஆலைத் தொழிலாளி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. சங்கத் தலைவர்களில் பலருக்கே இது தெரியாது! இது போக, வருமானமில்லாத மனைவி 24ஆவது பிரிவுப்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் புருஷனிடமே கேட்டு வாங்கலாம். வருமானமில்லாத புருஷனும் அப்படியே கேட்கலாம்.

கடலூர் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிதம்பரத்துத் தோழர்கள் அங்குள்ள கோர்ட்டிலேயே வட்டக் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் தனியே பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் குழு அவரை நியமித்ததோ அதே குழுவுக்கு எழுதினால் வேறு வக்கீலைப் போடுவார்கள்.