பட்டிநாயும் குருதிவழிக் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வெளிகளுக்கு அப்பால் மாடுகள் பட்டி பட்டியாய் வாழ்கின்றன. மாரிப்போக வேளாண்மை தொடங்கியதும் வயலை நீங்கி மயிலத்தமடு, மாதவனை முதலிய மேய்ச்சல் தரைகளுக்குச் செல்லும். அறுவடை முடிந்தபின் அரிதாள் மேயத் திரும்பும். பட்டி காப்போருடன் நாயும் உண்டு. நரியின் வரவை முதலில் அறிவிப்பது அதுவே. ஆயினும் அதற்கு இனப்பெயர் இல்லை. அதன் தாய் தந்தையரைக் குறித்து வைத்தோரும் இல்லை.

இந்நிலையில், அயல்நாட்டு மேய்ப்பு நாயை வாங்கி வீட்டிலேயே குட்டி ஈனச் செய்ய விரும்புவோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். அவ்விருப்பம் குற்றமன்று. ஆனால் அரிய இனமொன்றின் கடுவனையும் பெட்டையையும் இணைப்பவர் இரண்டு நாய்களின் உரிமையாளர் மட்டுமல்லர். அவ்வினம் முழுவதன் எதிர்காலத்திலும் கை வைப்பவர். இதை உணராமல் செய்யப்படும் இனப்பெருக்கம், குட்டிகள் எவ்வளவு அழகாய் இருப்பினும், அவ்வினத்துக்குக் கேடே செய்யும்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். இருபது பெட்டைகளும் ஒரே கடுவனுமாக இருபத்தொரு நாய்கள் இருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு இருபத்தொன்று, மரபியல் கண்ணுக்கோ நான்குகூட இல்லை. கடுவன்களின் தொகையையும் பெட்டைகளின் தொகையையும் பெருக்கி, அதை மீண்டும் நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பயனுறு குடித்தொகை. இங்கு அது 3.8. அதே இருபத்தொன்றில் கடுவன்கள் 7, பெட்டைகள் 14 எனில் 18.7 ஆகிவிடும். உறவுக்கலப்பு முதற்கூட்டத்தில் தலைமுறைக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு ஏறும். இரண்டாவதில் மூன்று விழுக்காட்டைக்கூட எட்டாது. வீட்டு விலங்கினமொன்று நிலைக்க இத்தொகை 50க்குக் குறையலாகாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அறிவுரை. பரிசு பெற்ற ஒரே கடுவனிடம் எல்லாரும் பெட்டையைக் கொண்டுபோவதே அரிய இனங்களை அழிக்கும் முதற்பிழை. பல்லாண்டு ஒரே நாம்பனை வைத்துப் பட்டி வளர்ப்போரும் இக்கணக்கைத் தம் மாடுகளுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நெருங்கிய உறவை அளக்கும் முறையை அமெரிக்க மரபியலறிஞர் சீவால் ரைட் 1922இல் வகுத்தார். உடன்பிறந்த இரண்டை இணைத்தால் குட்டியின் உறவுக்கலப்புக் குணகம் 25 விழுக்காடு. தந்தை மட்டும் ஒன்றாயின் 12.5; பெற்றோர் உடன்பிறந்தாரின் பிள்ளைகளாயின் 6.25. பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்த ஒரே பழுதுள்ள மரபணு குட்டியில் சோடி சேர்வதற்கான வாய்ப்பே இதனால் உயர்கிறது. ஈற்றின் அளவு சுருங்குதல், பிறந்த குட்டி இறத்தல், நோய்த்தடுப்பு தளர்தல் ஆகியவை இதன் வெளிப்பாடுகள்.

பனிநாட்டு எடுத்துக்காட்டு இரண்டு நமக்குப் பயன்படும். ஐஸ்லாந்தின் மேய்ப்பு நாய் 1950களில் அருகிப்போனது. மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் சிலவற்றைத் தேடியெடுத்துக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். பின்னர் அந்நாட்டினரும் விழித்து, 1969இல் நாய் வளர்ப்போர் சங்கம் அமைத்து அதைக் காக்க முற்பட்டனர். கடற்பறவை வேட்டைக்கான நோர்வேயின் லுண்டஹுண்ட் நாயோ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவிய நாய்த்தொற்றுச் சுரத்தால் கைவிரலால் எண்ணத்தக்க அளவுக்குச் சுருங்கியது. மீந்த சிலவற்றிலிருந்தே பெருகியதால் குடல்நோய் ஒன்று அவ்வினம் முழுவதையும் வாட்டியது. முடிவில், அயலினக் குருதியை அளவோடு சேர்க்கும் திட்டத்தை அந்நாட்டினர் தொடங்கினர். அதற்குத் தெரிந்தெடுத்தவற்றுள் ஐஸ்லாந்து மேய்ப்பு நாயும் ஒன்று. தூய்மை என்ற பெயரால் கதவை முற்றாக மூடுவதே பிழை என்பதை அவர்கள் பட்டுணர்ந்தனர்.

தமிழ்நாட்டின் இராசபாளையம் நாய் நமக்கு இன்னும் அணுக்கமான சான்று. அது மேய்ப்பு நாயன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. இந்திய அஞ்சல்துறை 2005இல் அதன் உருவை அஞ்சற்றலையாக வெளியிட்டது. முழு வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே அழகென்று அதைத் தேர்ந்து வளர்த்தனர். உட்செவியில் ஒலியை உணரும் உயிரணுக்கள் வாழ, நிறமிச் செல்கள் அருகிலிருக்க வேண்டும். உடலெங்கும் நிறமி அற்றுப்போகும்போது அங்கும் அவை இல்லாமற் போக, பிறந்த சில கிழமைகளில் செவிப்புலன் அழிகிறது. மேய்ப்பு நாய்களில் ‘மெர்ல்’ எனும் புள்ளிக்கலவை நிறமும் இத்தகையதே. அந்நிறமுடைய இரண்டை இணைத்தால், குட்டிகளுள் ஏறத்தாழ நாலில் ஒன்று இருமடங்கு மெர்லாகிக் குருடோ செவிடோ ஆகலாம். நிறத்துக்கு விலை கூட்டுவோர் எவராயினும் அவரிடம் குட்டி வாங்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்வேன்.

இனி, நம் பட்டிகளோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று. உண்ணியையும் குடற்புழுவையும் அகற்ற மாடுகளுக்கு ஐவர்மெக்டின் ஊசி போடுகின்றோம். அம்மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறும். சாணத்தை நக்குவதும் தின்பதும் நாய்க்கு இயல்பு. கோலி இனத்தில், மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதத்துக்குரிய மரபணுவில் நான்கு எழுத்துகள் உதிர்ந்த பிழை பரவலாக உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கத்ரினா மீலி குழுவினர் 2001இல் இதைக் கண்டறிந்தனர். அப்பிழை இரட்டித்த நாய் மருந்தேறிய சாணத்தைத் தின்றால் கண்மணி விரிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடி, நினைவிழந்து இறக்கவும் கூடும். கோலியில் நூற்றுக்கு எழுபது வரை இப்பிழையின் ஒரு படியையேனும் சுமக்கின்றன. பார்டர் கோலியில் மிகச் சிலவே. ஆகவே கோலி வழிக் குட்டியைப் பட்டிக்குக் கொண்டுவருமுன் மரபணுச் சோதனை செய்தே ஆகவேண்டும். மாட்டுக்கு ஊசி போட்ட நாள்களில் அந்நாயை அவிழ்த்துவிடலாகாது.

சோதனையில் பிழை தெரிந்தால் அந்நாயை விலக்கிவிடலாமே எனத் தோன்றும். அரிய இனத்தில் அதுவும் பொறுப்பற்ற முடிவாகலாம். இரு படியும் சேர்ந்தால் மட்டுமே தோன்றும் ஒடுங்குமரபு நோயொன்றின் ஒரு படியை மட்டும் சுமக்கும் நாயைப் பிழையற்ற துணையோடு இணைத்தால் எக்குட்டியும் அந்நோயால் வருந்தாது. எல்லாச் சுமப்போரையும் ஒரே நாளில் ஒதுக்கினால், அவற்றோடு நல்ல மரபணுக்களும் சேர்ந்து மறையும். விலக்க வேண்டியது இரு சுமப்போரின் இணைப்பையே.

மேய்ப்புத் திறன் பற்றியும் ஒரு சொல். இனப்பெயர் நாயின் குணத்தைச் சிறிதளவே உரைக்கும். 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த பேராய்வு, நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறதெனக் காட்டியது. ஆகவே சான்றிதழைப் பார்த்து இணையைத் தெரிவுசெய்யாமல், தாயும் தந்தையும் மாட்டின் முன் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். எருமை முன்னேறி வருகையில் நாய் பின்வாங்கி வளைந்து திரும்புகிறதா, அன்றிக் காலைக் கவ்வுகிறதா? வேட்டை உணர்வின் கடைசிப் படியான கடித்தலை அடக்கி, பார்த்தலையும் பதுங்கலையும் விரட்டலையும் வைத்துக்கொண்டதே மேய்ப்பு நாய். வேலையற்றுக் கட்டிவைத்தால் அதே உணர்வு மோட்டார் சைக்கிளையும் ஓடும் பிள்ளைகளையும் விரட்டும்.

இணைக்குமுன் பெட்டைக்கு இரண்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டுக்குக் கதிர்ப்படமும், கருச்சிதைவுக் கிருமிக்குக் குருதிச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். கரு வளர ஏறத்தாழ 63 நாள். ஈனுதற்கு முதல்நாள் தாயின் உடல்வெப்பம் சற்றே இறங்கும். காலை மாலை அளந்தால் அவ்விறக்கம் தெரியும். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றும் ஆற்றல் இல்லை. மழைக்காலத்தில் ஈரத் தரை அதற்கு எமன். கச்சான் வீசும் மாதங்களிலோ தகரக் கூரையின் வெப்பம் தாயை வீழ்த்தும். எனவே ஈற்றுக் காலத்தையே ஆண்டின் பருவம் பார்த்துத் திட்டமிட வேண்டும். குட்டிகளை ஒவ்வொன்றாய் நாள்தோறும் நிறுத்து எழுதினால், பத்தாம் நாளளவில் எடை இரட்டித்திருப்பது தெரியும். இரட்டிக்காத குட்டி எதுவென்பதும் தெரியும். மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரை குட்டி உலகைப் பழகும் காலம். கன்றின் மணம், கோயில் மேளம், வள்ள ஓசை, அயலார் குரல் எல்லாம் அப்போதே அறிமுகமாக வேண்டும். எட்டுக் கிழமைக்கு முன் தாயைப் பிரிக்கலாகாது.

குட்டியைக் கொடுக்கும்போது ஒரு தாளும் உடன்செல்ல வேண்டும்: மூன்று தலைமுறை முன்னோர், அவற்றுள் எது எந்நோயால் இறந்தது, இடப்பட்ட தடுப்பூசிகள், வளர்க்க இயலாவிடின் திருப்பித் தரலாம் என்ற உறுதி. இவ்வுறுதி இல்லாவிடின் மீந்த குட்டிகள் சந்தையோரம் சேர்ந்து, நாய்வெறி நோயின் வழியை நீட்டும். செய்தி மறுபக்கமிருந்தும் வர வேண்டும். மரபுவழி வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையே தோன்றுகிறது. ஒரு வயதிலேயே பலமுறை இணைக்கப்பட்ட கடுவனுக்கு நான்கு வயதில் வலிப்பு வந்தால், அதற்குள் அதன் குட்டிகள் ஊரெங்கும் ஈன்றிருக்கும். ஆகவே கடுவனின் முதல் ஈற்றுக் குட்டிகள் ஓராண்டேனும் வளர்ந்து, வளர்ப்போரிடமிருந்து நலச்செய்தி வந்த பின்னரே அடுத்த பெட்டையை அழைக்க வேண்டும். ஆறு வயது கடந்தும் நோயின்றி வேலை செய்யும் கடுவன் கிடைத்தால் அதையே முதலில் நாட வேண்டும்.